இரண்டு வள்ளங்களும் புஸ்பராணியின் அபிப்பிராயமும்

தம்பையா பெண் பார்க்கப் போன அன்று அரை மணித்தியாலத்தில் ஓம் என்று சொல்லிவிட்டு வந்தவர். அதே மனிதர் வள்ளம் பார்க்கத் தொடங்கி இப்போது ஐந்து கிழமையாகிறது.

"என்னை எடுக்கேக்கை இவ்வளவு யோசிக்கேல்லை," என்று புஸ்பராணி பிட்டுக்கு மாக் குழைத்தபடி சொல்லிக் காட்டுவாள்.

"அண்டைக்கு ஒராளைத்தானே காட்டினவை. இஞ்சை ரெண்டு கிடக்கு," என்பார் அவர்.

அந்த இரண்டும் உள்துறைமுகத்தில், மூதூர் லோஞ்ச் வந்து கட்டும் இறங்குதுறைக்குப் பக்கத்தில் நின்றன. இரண்டும் வெளிநாட்டுத் தொழிற்சாலையில் அச்சில் வார்த்த பைபர் கிளாஸ் பாய்வள்ளங்கள். அவற்றில் உலகம் சுற்றப் புறப்பட்ட வெள்ளைக்காரர் இருவர், திருகோணமலையோடு ஆசை தீர்ந்து விமானம் ஏறிவிட்டார்கள். விற்றுக் கொடுக்கும் பொறுப்பு கிண்ணியா ஜமால்தீனுடையது. நீல வள்ளம் நீளமானது, வேகமானது. ஆனால் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் அதன் அடிக்கட்டை, தரை தட்டாமலிருக்க ஐந்தடித் தண்ணீர் கேட்கும். வெள்ளை குட்டை, கொஞ்சம் மந்தம்; அடியில் இரண்டு கட்டை இருப்பதால் மணலில் தட்டினாலும் சரியாமல் நிமிர்ந்து நிற்கும்.

துறைமுகக் கந்தோரில் முப்பது வருஷம் பிறத்தியாரின் பயணங்களையே பதிந்த தம்பையாவுக்கு ஓய்வு பெற்றதும் ஓர் ஆசை வந்தது. மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கரையை விடாமல் முல்லைத்தீவு, பருத்தித்துறை என்று மெல்ல ஓடிப் போய்வர வேண்டும். புஸ்பராணி கூட வராவிட்டால் வள்ளமே வேண்டாம் என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தார். அதை அவளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

சொல்வதற்குப் பதிலாக அபிப்பிராயம் கேட்டார். அவள் சல்லி என்ற மீன்பிடிக் கிராமத்து முருகேசுவின் தங்கை. தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குப் போன குடும்பம். கொப்பியில் அவளுக்கென்றே ஒரு நிரல் கீறி வைத்தார். அவள் இறங்குதுறையில் குடை பிடித்து நின்று, "நீலத்துக்குப் பின்பாரம் கூட," என்பாள். எழுதிக்கொள்வார். "வெள்ளை அலைக்கு மூக்கைக் குத்தும்," என்பாள். அதையும் எழுதிக்கொள்வார்.

"உள்ளுக்கை ஏறிப் பாருமன்," என்றால் மட்டும், "ஏறித்தான் பாக்கோணுமே? கரையிலை நிண்டாலே தெரியும்," என்று திரும்பிவிடுவாள். அந்தக் கெட்டித்தனத்தில் தம்பையா மலைத்துப் போவார். வீட்டுக்கு வந்தபின், இவளுக்கு விருப்பமில்லைப் போலும் என்று சோர்ந்தும் போவார்.

ஆறாம் கிழமை ஜமால்தீனின் பொறுமை போய்விட்டது.

"ஐயா, பாத்துப் பாத்தே வள்ளத்தத் தேச்சுப் போடுவீங்க போல. இண்டைக்குக் காத்து நல்லம். வெள்ளையில ஒருக்கா ஓடிட்டு வருவம். அம்மாவும் ஏறட்டும்."

புஸ்பராணி ஒரு காலைத் தூக்கி வைக்கப் போனாள். வள்ளம் இலேசாக அசைந்தது. காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"உமக்கு விருப்பமில்லையெண்டால் சொல்லும். நான் இந்தக் கதையையே விட்டிடுறன்," என்றார் தம்பையா.

"விருப்பமில்லையெண்டு ஆர் சொன்னது?" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்கு ஏறத் தெரியாது. எங்கடை வீட்டிலை பொம்பிளையள் வள்ளத்திலை கால் வைக்கக் கூடாது. வைச்சால் மீன் படாதாம். பிடிச்சு வந்த மீனெல்லாம் வெட்டிக் காயப்போட்டனான். ஒரு நாளும் ஏறேல்லை."

"அப்ப அந்தப் பின்பாரம்?"

"அண்ணன் எல்லா வள்ளத்தையும் அப்பிடித்தான் குறை சொல்லுறவர்."

ஜமால்தீன் சிரிப்பை அடக்க வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தம்பையாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அடிக்கட்டையின் ஆழம் வரை விசாரித்தவர், கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் இந்த ஒன்றை அவளிடம் கேட்கவில்லை. வெட்கமாயிருந்தது.

"நாங்கள் மீன் பிடிக்கப் போகேல்லை. வாரும்," என்று கையை நீட்டினார்.

துறைமுக வாசல் வரை இரண்டு கையாலும் வள்ளத்து ஓரக் கம்பியைப் பிடித்திருந்தாள். கோணேசர் மலையைச் சுற்றும்போது ஒரு கை போதுமாயிருந்தது. கச்சான் காற்று கரையிலிருந்து அடித்ததால் கடல் ஆடாமல் கிடந்தது. மத்தியானமாகச் சல்லி தெரிந்தது: முத்துமாரியம்மன் கோயில், நிறுத்திய சைக்கிள்கள், மணலில் பரப்பிய மீன். மீன் காயப்போட்ட பெண்கள் நிமிர்ந்து, நெற்றியில் கை வைத்துப் பாயைப் பார்த்தார்கள். கல்யாணத்துக்கு முன் அந்த இடத்தில் நின்று பார்த்தவள் அவள்.

கரையில் ஏற்றிய ஒரு வள்ளத்து நிழலில் முருகேசு கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"கிட்டக் கொண்டு போங்கோ," என்றாள் ஜமால்தீனிடம். "அண்ணன் வடிவாப் பாக்கட்டும்."

கம்பியை விட்டு எழுந்து நின்றாள். தங்கையை அடையாளம் கண்ட முருகேசுவும் எழுந்துவிட்டார். மடியிலிருந்த வலை மணலில் விழுந்தது.

"சரி ஐயா," என்றார் ஜமால்தீன், வள்ளத்தைத் திருப்பியபடி. "திரும்பிப் போய் நீலத்தையும் ஒருக்கா ஓடிப் பாப்பமா?"

தம்பையா வாய் திறக்கமுதல் புஸ்பராணி சொன்னாள்:

"வேணுமெண்டால் நீங்கள் ரெண்டு பேரும் போய் ஓடிப் பாருங்கோ. நான் இதிலையிருந்து இறங்கிறதா இல்லை."