ஓடை திரும்பிய கோடை

நீர்ப் பரிசோதனை அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் மேடம். அண்ணனுக்கு மட்டும் குட்டி. தலை பாதி நரைத்து, மூட்டுவலிக்குத் தைலம் தேய்க்கத் தொடங்கிய பிறகும் குட்டிதான். அலுவலகத்துக்குப் போன் போட்டால்கூட, "குட்டி இருக்காளா?" என்று கேட்பார். எடுத்தவர்கள் முதலில் திகைத்துப் பிறகு சிரித்துக்கொண்டே போனை அவளிடம் நீட்டுவார்கள்.

அண்ணனுடைய ஆரஞ்சுத் தோட்டம் ஓடைக்கரையில் இருந்தது. குன்றடியில் கசிந்து, தோட்டங்களுக்கு நடுவே வளைந்து நெளிந்து, கீழே ஏரியில் விழுகிற ஓடை அது. கோடையிலும் அது வற்றாமல் ஓடியதற்குக் காரணம் மழையல்ல. இரு கரையிலும் மண்ணுக்கடியில் நிறைந்து கிடந்த நீர் மெல்ல மெல்லப் பக்கவாட்டில் கசிந்து ஓடையில் இறங்கிக்கொண்டிருந்தது. அப்புறம் ஆழ்துளைக் கிணறுகள் வந்தன. ஒருவர் போட்டால் அடுத்தவர் சும்மா இருப்பாரா? அவர் இன்னும் ஆழமாகப் போட்டார். நிலத்தடி நீர் ஓடையின் தரைக்கும் கீழே இறங்கிவிட்டது. கோடையில் ஓடை குட்டை குட்டையாகத் தேங்கி, வெயிலில் காய்ந்து, பச்சைப் பாசி பிடித்து நாறியது. மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

பாலத்தின் மேல் நின்று கயிற்றில் புட்டியைக் கட்டி இறக்கி, அந்தத் தண்ணீரை மாதிரி எடுத்து எடுத்து அவளுக்குக் கை காய்த்துப்போனது. அவள் எழுதிய அறிக்கைகள் மேலே போய்த் தூங்கின. ஒருவழியாக ஒரு திட்டம் வந்தது. கரையோரத் தோட்டக்காரர்கள் கோடை மாதங்களில் மோட்டார் போடக் கூடாது. விளைச்சல் குறைந்தால் ஈடு கிடைக்கும். நாலைந்து வருடத்தில் நிலத்தடி நீர் ஏறி ஓடை மறுபடி ஓடும். இதுதான் திட்டம்.

சொல்ல நன்றாகத்தான் இருந்தது. முதல் கூட்டத்திலேயே கதை கந்தலானது. கரையோரத்தில் ஆளுக்கு ஒரு மோட்டார் என்றால் தனக்கு மட்டும் நாலு வைத்திருந்த பெரியவர் ஒருவர் உண்டு. மோட்டார் மாமா என்றுதான் அவரைச் சொல்வார்கள். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"எல்லாம் சரிம்மா. அழகாப் பேசுறீங்க. முதல்ல உங்க அண்ணன் மோட்டார நிறுத்தச் சொல்லுங்க. அப்புறம் எங்ககிட்ட வாங்க."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அண்ணனும் சேர்ந்து சிரித்தார். அவளுக்குத்தான் முகம் சுண்டிப்போனது.

அண்ணனைப் பார்க்கப் போவதற்கு முந்தைய நாள் பரிசோதனைக் கூடத்தில் இன்னொரு பேச்சு நடந்தது. அங்கே வேலை செய்தவருக்குச் சந்தேகம் என்று பட்டப்பெயர். காலையில் வணக்கம் சொன்னால்கூட, நிஜமாகவே காலைதானா என்று கடிகாரத்தைப் பார்க்கிற ஆள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்:

"மேடம், ஒண்ணு யோசிச்சீங்களா? இத்தனை வருஷமா கொட்டின உரமெல்லாம் எங்க போச்சு? பாதி மண்ணுக்குள்ளயே கிடக்கு. இப்ப அந்த மண்ணு காஞ்சு கிடக்கறதால அது அசையல. தண்ணி ஏறிச்சுன்னா அதையும் கரைச்சுக் கூட்டிட்டு வரும். ஓடை ஓடும். ஆனா நைட்ரேட்டும் சேர்ந்து ஓடும்."

"எவ்வளவு வரும்?"

"அதுதான் தெரியல. கொஞ்சமா இருக்கலாம். ரொம்ப இருந்தாலும் இருக்கலாம். அவங்ககிட்ட முன்னாடியே சொல்லிடறது நல்லதுன்னு தோணுது."

அவளுக்கு எரிச்சல் வந்தது. கழுத்து வலிக்கத் தூக்கிச் சுமந்த காரியம் கரை சேரும் நேரத்தில் இந்த மனுஷர் குறுக்கே கால் நீட்டுகிறாரே என்று பட்டது. "பார்த்துக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அண்ணன் வீட்டுச் சமையலறையில் எப்போதும் மருந்து தெளிக்கும் கருவியின் ஏதோ ஒரு பாகம் மேஜை மேல் கிடக்கும். அன்றும் பழைய பல் துலக்கும் பிரஷால் அதன் மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அண்ணி மூவருக்கும் டீ ஊற்றினாள்.

"என்ன குட்டி, அதிகாரியா வந்திருக்கியா, தங்கச்சியா வந்திருக்கியா?"

"ரெண்டும்தான்ணே."

"அப்ப அதிகாரிக்குச் சர்க்கரை போடாத. தங்கச்சிக்கு மட்டும் போடு" என்று அண்ணியைப் பார்த்துச் சொல்லிச் சிரித்தார்.

அவள் எல்லாவற்றையும் விளக்கினாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். அந்தப் பழக்கம் அவருக்கு எப்போதும் உண்டு. கடைசியில் பிரஷைக் கீழே வைத்தார்.

"மேட்டுப் பக்கத்து மரங்க பொழைச்சாலும் பொழைக்கும். பள்ளத்துல இருக்கறது வேர் மேலாப்புல போனது. ஒரு கோடை தண்ணி இல்லன்னா போயிடும். அப்பா வச்சதுன்னெல்லாம் நான் பேச வரல. எல்லாமே நான் வச்சது, அதனாலதான் தெரியும். சரி, தண்ணி திரும்பி வருமா?"

"வரும்ணே."

"நல்ல தண்ணியா வருமா?"

ஒரு கணம்தான். சந்தேகத்தின் முகம் கண் முன்னால் வந்து நின்றது. வாயைத் திறந்தால் அண்ணன் பின்வாங்கிவிடுவார், அவர் பின்வாங்கினால் கரை முழுக்கப் பின்வாங்கும் என்று மனம் கணக்குப் போட்டது.

"நல்ல தண்ணியா வரும்ணே" என்றாள்.

அண்ணி அவளைப் பார்த்தாள். அண்ணன் பார்க்கவில்லை. "அப்ப சரி" என்று மறுபடி பிரஷை எடுத்துக்கொண்டார்.

அடுத்த கூட்டத்தில் முதல் கையெழுத்து அவருடையது. அதோடு நிற்கவில்லை. எழுந்து நின்று, "நல்ல தண்ணி வரும். நான் பொறுப்பு" என்றார். அவர் வாயிலிருந்து வந்த சொல்லுக்குக் கரையோரத்தில் மதிப்பு இருந்தது. ஒவ்வொருவராக வந்தார்கள். மோட்டார் மாமாகூட முனகிக்கொண்டே பேனாவை வாங்கினார்.

அந்தக் கோடை முழுக்க மோட்டார் சத்தமே இல்லை. பள்ளத்து மரங்களின் இலைகள் முதலில் சுருண்டன. பிறகு கோலிக்குண்டு அளவில் காய்கள் உதிர்ந்தன. அண்ணி பாத்திரம் கழுவிய தண்ணீரை வாளியில் சுமந்து, வீட்டுக்குப் பக்கத்திலிருந்த மரங்களுக்கு மட்டும் ஊற்றினாள். அண்ணன் அந்தப் பக்கமே போகவில்லை என்று அண்ணி பின்னால் சொன்னாள். வேலியோரமாகச் சுற்றிக்கொண்டுதான் ஓடைக்குப் போவாராம்.

அதற்கடுத்த வருடம் மழையும் கை கொடுத்தது. கோடையின் நடுவில் ஒரு நாள் காலை அண்ணன் போன் செய்தார். "குட்டி, போட்டது போட்டபடி கிளம்பி வா."

அவள் போனபோது அவர் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு ஓடைக்கு நடுவில் நின்றிருந்தார். தண்ணீர் அவர் காலைச் சுற்றிக்கொண்டு ஓடியது. கோடையில், மழை பெய்யாத ஒரு நாளில், ஓடை ஓடியது. அவர் குனிந்து ஒரு கை அள்ளி அவள் மேல் வீசினார். அவளும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். கரையில் மோட்டார் மாமா இடுப்பில் கை வைத்து நின்று, "அட, ஓடுதே!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மேலதிகாரிகள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அவள் வாழ்க்கையில் அதற்கு முன்போ பின்போ அப்படியொரு வாரம் இருந்ததில்லை.

அடுத்து எடுத்த மாதிரியின் முடிவைச் சந்தேகம் அவள் மேஜையில் கொண்டுவந்து வைத்தார். நான் அன்றைக்கே சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. நைட்ரேட் தாறுமாறாக ஏறியிருந்தது. உரத்தைக் குடித்த பாசி கிடுகிடுவென வளர்ந்தது. கோடை முடிவதற்குள் ஓடை முழுக்கப் பச்சைக் கம்பளி போர்த்தியதுபோல் ஆனது. பாசி செத்து அழுகியபோது மீன்களும் செத்தன. முன்பு குட்டைகளில் மட்டும் இருந்த நாற்றம் இப்போது ஓடையோடு ஏரி வரைக்கும் போனது.

கூட்டத்தில் கூச்சல் காதைக் கிழித்தது. "இதுக்காகவா தோட்டத்தக் காய விட்டோம்?" என்று ஒருவர் கத்தினார். "அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து நம்ம தலைல மிளகாய் அரைச்சுட்டாங்க" என்றார் இன்னொருவர். அண்ணன் எழுந்தார்.

"என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க. பொறுப்புன்னு சொன்னவன் நான். என் தங்கச்சியச் சொல்லாதீங்க. அவளுக்கே தெரியாம நடந்த விஷயம் இது. தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டாளா?"

அவள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. அவள் எழவில்லை. கையிலிருந்த காகிதங்களை அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்கினாள்.

அடுத்த நாளிலிருந்து ஒவ்வொரு தோட்டமாக மோட்டார் சத்தம் கிளம்பியது. ஓடை மெலிந்தது, ஆனால் முழுதாக வற்றவில்லை.

அந்த வாரமே அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டாள். சமையலறையில், அதே மேஜையில், அழாமல் சொன்னாள். பரிசோதனைக் கூடத்தில் நடந்த பேச்சு, அவர் கேட்ட கேள்வி, தான் சொன்ன பதில், எதையும் மறைக்கவில்லை.

அண்ணி அடுப்பைத் துடைப்பதுபோல் அங்கேயே நின்றாள்.

"அன்னைக்கே சொல்லியிருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேனே குட்டி" என்றார் அவர். "'தெரியலண்ணே, முயற்சி பண்ணிப் பார்ப்போம்'னு நீ சொல்லியிருந்தா, அதையேதான் நான் அவங்ககிட்டயும் சொல்லியிருப்பேன். ரெண்டு பேர் வந்திருப்பாங்க, ரெண்டு பேர் வந்திருக்க மாட்டாங்க. என்னை எதுக்குப் பொய் சொன்னவனா ஆக்கின?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "டீ ஆறுது, குடி."

அதற்குப் பிறகு சண்டை எதுவும் இல்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானம் ஆகியிருக்கலாம். மறுமுறை அவள் போனபோது அண்ணன், "வாங்க, உட்காருங்க" என்றார். கிண்டல் என்று நினைத்துச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அன்று முதல் அவள் அவருக்குக் குட்டி இல்லை, 'நீங்க'தான்.

அவருடைய மோட்டார் மட்டும் மறுபடி ஓடவில்லை. ஏன் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பள்ளத்து மரங்கள் விறகாயின.

தண்ணீர் ஓடையில் இறங்குமுன் அதிலிருந்த உரச்சத்தை வடிகட்ட ஒரே வழிதான் இருந்தது. கரையோரத்தில் ஒரு பள்ளமான நிலத்தில் நீரைத் தேக்கி நாணல் வளர்க்க வேண்டும். நாணலும் அதன் வேர்ச் சேறும் நைட்ரேட்டைத் தின்றுவிடும். அதற்கு வாகான பள்ளம் எது என்று வரைபடத்தைப் பார்க்காமலே அவளுக்குத் தெரியும். அண்ணனிடம் போய்க் கேட்க அவளுக்கு முகமில்லை. சந்தேகம்தான் போனார். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து, நம்ப முடியாதவர்போல் சொன்னார்:

"குடுத்துட்டார் மேடம். இது வேலை செய்யுமான்னு கேட்டார். உறுதியாச் சொல்ல முடியாதுன்னேன். 'அப்பாடா, இப்படிச் சொல்ல ஒரு ஆள் இருக்கே'ன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டார்."

நாணல் வேரூன்ற நாளானது. அதற்குள் அண்ணனும் அண்ணியும் நகரத்தில் மகள் வீட்டோடு போய்விட்டார்கள். பள்ளத்துக்குக் கீழே ஓடை மெல்லத் தெளியத் தொடங்கியது. மேலே இன்னும் பச்சைதான். ஒரு நாள் மோட்டார் மாமா தன் வீட்டுக் குடிநீரை ஒரு புட்டியில் எடுத்துக்கொண்டு வந்தார். அதிலும் அதே நைட்ரேட். ஓடையை ஒட்டிய இரண்டு மோட்டார்களை அவரே நிறுத்தினார், உரத்தையும் குறைத்தார். இப்போது தோட்டக்காரர்கள் எத்தனை வருடம் ஆகும் என்று கேட்டால், அவள் தெரியாது என்றுதான் சொல்கிறாள். சிலர் அதைக் கேட்டு எழுந்து போய்விடுகிறார்கள். சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்னால் அண்ணனைப் பார்க்க நகரத்துக்குப் போனாள். அடுக்குமாடி வீட்டின் சின்ன பால்கனியில் அவர் உட்கார்ந்திருந்தார். உடம்பு இளைத்திருந்தது. கீழே சாலையில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. நாணல் இடுப்பளவு வளர்ந்திருப்பதையும், கீழ்ப்பகுதியில் அடித்தரைக் கூழாங்கல் தெரிவதையும் அவள் சொன்னாள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"முழுசாத் தெளியறத நான் பார்ப்பேனா?"

"தெரியலண்ணே. பார்க்க மாட்டீங்கன்னுதான் நினைக்கிறேன். நானே பார்ப்பேனான்னு தெரியல."

அவர் அவளை நேராகப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. ஆனால் அவள் எதிர்பார்த்து வந்த அந்த ஒரு சொல்லும் வரவில்லை.

"சரிங்க" என்றார்.

உள்ளேயிருந்து அண்ணி சாப்பிடக் கூப்பிட்டாள். எழுந்திருக்க அவருக்குச் சிரமமாக இருந்தது. அவள் கை கொடுத்தாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நின்ற பிறகு விட்டுவிட்டு, சுவரைப் பிடித்தபடி முன்னால் நடந்தார்.