படிக்கம்

கண்ணகை காதுத் தோட்டைக் கழற்றிச் சந்தனக் கல்லில் தண்ணீர் விட்டு உரைத்துக்கொண்டிருந்தாள். கை உரைத்ததே தவிர மனம் எரிந்துகொண்டிருந்தது. பொன் உரைத்த தண்ணீர் தொண்டையில் இறங்கினால், இழுபடுகிற உயிர் அமைதியாகப் போய்விடும் என்று அப்பாவின் தங்கை சீதேவிப்பிள்ளை மாமி சொல்லியிருந்தாள். முந்தாநாள் பால் ஊற்றினார்கள். நேற்று வயல் வட்டையிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துவந்து கரைத்து ஊற்றினார்கள். இன்றைக்குப் பொன்.

அப்பா பூபாலபிள்ளை எதையும் மறுக்கவில்லை. கண் திறக்காமல் பாயில் கிடந்தவர் பாலையும் விழுங்கினார், மண்ணையும் விழுங்கினார், இப்போது மகளின் தோட்டில் உரைத்த பொன்னையும் விழுங்கினார். கரண்டிக்குக் கரண்டி தொண்டைக்குழி ஏறி இறங்கியதை வீட்டில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். உயிர் மட்டும் போகவில்லை.

“மண்ணாசையும் இல்ல, பொன்னாசையும் இல்ல புள்ள,” என்றாள் மாமி. “அண்ணனுக்கு வேற ஆசை.”

என்ன ஆசை என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. மாமியின் புருஷன் நல்லரத்தினம் விடியவே தோணி எடுத்துக்கொண்டு எழுவான்கரைக்குப் போயிருந்தார். பழுகாமத்திலிருந்து வாவியைக் கடந்தால் அந்தக் கரையில் தென்னந்தோட்டம். தோட்டத்துக்குள் வெள்ளைக்காரத் துரையின் பங்களா. அந்தப் பங்களாவில் அப்பா இருபத்திரண்டு வருஷம் பட்லராக இருந்தார். அங்கேதான் கள்ளன் என்ற பெயரையும் வாங்கிக்கொண்டார்.

பெரிய யுத்தம் முடிந்த மறு வருஷம் துரைக்குக் கப்பலில் இரண்டு டசின் போத்தல் சிவப்பு வைன் வந்தது. உடனே திறந்து குடிக்கிற லேசான சாமான் இல்லை. கறுப்பென்று சொல்லக்கூடிய சிவப்பு. கண்ணாடிக் கிளாசைச் சரித்தால் எண்ணெய்போல் மெல்ல வழியும். பத்துப் பன்னிரண்டு வருஷம் கிடந்தால்தான் அது பதத்துக்கு வருமாம். அதன் சொந்த ஊரில் குளிர்ந்த நிலவறைக்குள் கிடத்தி வைப்பார்களாம். மட்டக்களப்பு வெக்கைக்கு நிலவறைக்கு எங்கே போவது? பூபாலபிள்ளை பங்களாவின் வடக்கு அறையில் நிலத்தைத் தோண்டினார். ஆற்றுமணல் பரப்பி, போத்தல்களைப் பிள்ளைகளைப் போலக் கிடத்தி, மேலேயும் மணல் மூடி, காலையும் மாலையும் கிணற்றுத் தண்ணீர் தெளித்தார்.

வருஷத்துக்கு ஒருமுறை, மார்கழி மழையில் ஊர் குளிர்ந்த பிறகு, ஒரு போத்தல் திறப்பார்கள். துரை தொடுமுன்னர் பட்லர் ஒரு வாய் எடுப்பார். கண்ணை மூடி இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்குமாக உருட்டுவார். பிறகு இடது கைப்பக்கம் வைத்திருக்கும் படிக்கத்தில் ஒரு சொட்டுச் சிதறாமல் துப்பிவிட்டு, இன்னும் கிடக்க வேண்டுமா போதுமா என்று சொல்லுவார். வெற்றிலை துப்புகிற அந்த வெண்கலப் படிக்கத்தை இதற்கென்றே காத்தான்குடி வியாபாரி ஒருவரிடம் தன் காசில் வாங்கியிருந்தார்.

வீட்டுக்கு வந்தால் இந்தக் கதைதான். முதல் வருஷம் பச்சைப் பாக்கைக் கடித்தது மாதிரி வாய் முழுக்கத் துவர்த்தது. நாலாம் வருஷம் மரமுந்திரிகைப் பழம். தொண்டையைக் கட்டும், ஆனால் பின்னால் ஓர் இனிப்பு எட்டிப் பார்க்கும். ஆறாம் வருஷம் பல்லைப் பிடிக்கிறதை விட்டுவிட்டது. சின்னப் பெண்ணாக இருந்த கண்ணகை வாயைப் பிளந்துகொண்டு கேட்பாள். அவ்வளவு நல்ல சாமானை ஏன் துப்புகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டதற்கு, “விழுங்கினா நாக்குப் பொய் சொல்லும் மகள்,” என்றார்.

பிறகு சீமையிலிருந்து துரைசானி வந்தாள். போத்தல்கள் மணலுக்குள் கிடப்பதைப் பார்த்து, பிணம் புதைத்தது போல் இதென்ன என்று முகத்தைச் சுளித்தாள். ஒன்றிரண்டு மட்டும் மணலோடு கிடக்க, மிச்சம் எல்லாம் மண்டபத்துக் கண்ணாடி அலுமாரியில், வருகிறவர்கள் பார்க்கும்படி நிமிர்ந்து நின்றன. நிமிர்த்தினால் தக்கை காயும், தக்கை காய்ந்தால் காற்றுப் புகும் என்று பூபாலபிள்ளை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். மூன்றாம் தரம் சொல்ல விடவில்லை. ஒரு கோடை போனது. விருந்தாளிகளுக்கு முன்னால் போத்தலை எடுத்தால், வைன் கழுத்திலிருந்து இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது; வாயில் வைத்தால் புளித்த காடி. பட்லர் கள்ளமாகத் திறந்து குடித்திருக்கிறான் என்று துரைசானி சொன்னாள். மனைவியைக் குறை சொல்லத் தேவையில்லாமல் போனதால் துரைக்கும் அது வசதியாக இருந்தது. அன்று பின்னேரமே பூபாலபிள்ளை தோள்சால்வையில் படிக்கத்தைச் சுற்றிக்கொண்டு தோணி ஏறினார்.

ஊருக்கு வேறென்ன வேண்டும்? தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமலா இருப்பான் என்றார்கள். கண்ணகைக்கு அப்போது பத்தொன்பது. மாமியின் மகனுக்கு அவளை நிச்சயம் செய்திருந்தது. கள்ளக் குடிகாரன் வீட்டில் பெண் எடுக்க முடியாது என்று மாமி, கூடப்பிறந்த தங்கை, முற்றத்தில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த வாரத்தில் ஒருநாள் அப்பா மகளிடம், “நான் ஒரு சொட்டும் விழுங்கல்ல மகள்,” என்றார். கண்ணகை எழுந்துபோய் அந்தப் படிக்கத்தை எடுத்துக் கோழிக்கூட்டடியில் வைத்து, கோழிகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அதன்பிறகு அதைப்பற்றி வாயே திறக்கவில்லை.

ஒன்பது வருஷம் பன்புல்லில் பாய் இழைத்து அவருக்குச் சோறு போட்டிருக்கிறாள். சோறு போட்டாளே தவிர ஒருநாளும் முகம் கொடுக்கவில்லை. வருஷா வருஷம் வாயில் வைத்ததை விழுங்காத மனிதன் உலகத்தில் உண்டா? உண்டென்று நம்ப அவளுக்கும் ஆசைதான். நம்ப முடியவில்லை. அந்தக் கோபம் அவளோடேயே கிடந்து பழகிவிட்டது.

வெயில் ஏறும் நேரம் நல்லரத்தினம் மாமா திரும்பி வந்தார். கையில் ஒரு போத்தல். மணலுக்குள் மிஞ்சிக் கிடந்ததில் ஒன்றாம். புதிய பட்லர் திறந்து, தக்கையை லேசாகச் செருகிக் கொடுத்திருந்தான். மாமாவின் முகத்தில் காரியம் சாதித்த பெருமை.

“துரை நல்ல மனிசன் புள்ள. பழசெல்லாம் மன்னிச்சிற்றாராம். குடிச்சிற்றுச் சாகட்டும் எண்டு சொல்லித் தந்தார்.”

கண்ணகைக்கு உச்சந்தலை கொதித்தது. இந்தச் சனியன் வாசல் தாண்டி உள்ளே வரக்கூடாது என்று குறுக்கே நின்றாள். மாமி ஒப்பாரி வைக்காத குறையாகக் கெஞ்சினாள். சாகிறவன் ஆசையை மறித்தால் ஏழு தலைமுறைக்கும் ஆகாது என்றாள். கூடியிருந்த பெண்களும் அதையே சொன்னார்கள். ஒருவருக்காவது அவர் குடித்திருக்கமாட்டார் என்று சொல்ல நா எழவில்லை. அவளுக்குந்தான் எழவில்லை.

“ஊத்துங்க,” என்றாள் கடைசியில். “அந்த வாய் எவ்வளவு ஆசையா விழுங்குது எண்டு நானும் நிண்டு பாக்கிறன்.”

போத்தலின் அடியில் மண்டி கிடந்ததைக் கண்ட மாமா, ஆஸ்பத்திரி மருந்தைக் குலுக்குவதுபோல் நன்றாகக் குலுக்கினார். அந்தச் சத்தத்துக்கு, மூன்று நாளாக அசையாத பூபாலபிள்ளையின் புருவம் சுருங்கியது. கண்ணகை அதைக் கண்டாள். மாமா ஒரு கரண்டி ஊற்றினார். இன்னொன்று. இன்னொன்று. உதடு மூடிக்கொண்டது.

எல்லோரும் தொண்டைக்குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வலது கன்னம் மெல்ல உப்பியது. பிறகு இடது கன்னம். மூக்கு விரிந்தது. மூடிய இமைக்குள்ளே கண்மணி நகர்ந்தது. அந்த ஒடுங்கிய முகத்தில், வேலையில் இருக்கும் ஒரு மனிதனின் கவனம் வந்து உட்கார்ந்தது.

“விழுங்கமாட்டாராம்,” என்றாள் மாமி அழுகையோடு. “மூக்கப் புடிச்சி விடுங்க.”

அப்போதுதான் அவருடைய இடது கை பாயில் ஊர்ந்தது. விரல்கள் பாயின் ஓரத்தைத் தாண்டித் தரையைத் தடவின. எதையோ தேடின. அங்கே இருக்க வேண்டியது அங்கே இல்லை. கை மறுபடி தேடியது. வாய் மட்டும் இறுக மூடியபடியே இருந்தது.

கண்ணகை ஓடினாள். கோழிக்கூட்டடியில் இருந்த படிக்கத்தைத் தூக்கித் தண்ணீரைக் கொட்டினாள். ஒட்டியிருந்த அழுக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே வந்து, அவர் தலையைத் தன் மடிக்குத் தூக்கி, படிக்கத்தை வாயருகே பிடித்தாள். வெண்கல விளிம்பு உதட்டில் பட்டதும் பூபாலபிள்ளை துப்பினார். ஒரே தாரை. ஒரு சொட்டுச் சிதறவில்லை. பிறகு, ஏதோ சொல்லப்போவதுபோல் ஒரு மூச்சை உள்ளே இழுத்தார். அது வெளியே வந்தபோது அவர் இல்லை.

மாமி தலையில் அடித்துக்கொண்டாள். “ஆசப்பட்டதத் துப்பிப்போட்டுப் போறயே அண்ணே...”

“வாய மூடுங்க மாமி.”

கண்ணகை அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை.

“பாலக் குடுத்தீங்க, விழுங்கினார். மண்ணக் கரைச்சிக் குடுத்தீங்க, அதையும் விழுங்கினார். இத மட்டும் விழுங்கல்ல. கண்ணால கண்டீங்கதானே? சாகிற நேரத்திலயும் விழுங்காத மனிசன், உசிரோட இரிக்கக்குள்ள விழுங்கினாரா?”

மாமா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். கண்ணகைக்கு அவர்கள் மேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. ஊர் சொன்னதை ஊர் நம்பியது, அது ஊரின் புத்தி. ஒரு வீட்டில் இருந்து, அவர் கண் முன்னே கோழிக்குத் தண்ணீர் ஊற்றியவள் அவள்.

அப்பாவின் தலையை மெல்லப் பாயில் இறக்கினாள். தக்கையைச் செருகிப் போத்தலை ஒரு கையிலும் படிக்கத்தை மறு கையிலும் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

தீட்டுப் பட்ட துடக்கு வீட்டுப் பெண் பிரேதம் கிடக்க வெளியே போவதாவது, அதுவும் பெற்ற மகள் என்று பெண்கள் பதறினார்கள். பறைமேளத்துக்குச் சொல்லி அனுப்ப வேண்டும், வீட்டுக்கு வெள்ளை கட்ட வேண்டும், குளிப்பாட்ட வேண்டும். எல்லாவற்றையும் செய்யுங்கள், நான் வருமட்டும் அவர் வாயை மட்டும் கழுவக்கூடாது என்று சொல்லிவிட்டு அவள் வாவிக்கரைக்கு நடந்தாள். தோணியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, பின்னால் ஓடிவந்த மாமாவைப் பார்த்தாள்.

“தோணிய எடுங்க மாமா. கொண்டந்தது நீங்கதானே.”

மாமா துடுப்பை எடுத்தார். கச்சான் காற்றுக்கு வாவி அலைந்துகொண்டிருந்தது. தோணி ஆடும்போதெல்லாம் கண்ணகை இரண்டு கையாலும் படிக்கத்தைத் தாங்கிப் பிடித்தாள். ஒரு சொட்டுச் சிந்திவிட்டால் அந்தச் சொட்டை அவர் விழுங்கியதாகத்தான் கணக்காகும் என்பதுபோல் பிடித்தாள்.

துரை விறாந்தையில் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். கிழடு தட்டிவிட்டது. மேசையில் வெள்ளை விரிப்பு. புதிய பட்லர் படியிலேயே மறித்தான். அவள் பார்த்த பார்வையில் விலகிக்கொண்டான். போத்தலை மேசையில் வைத்தாள். படிக்கத்தை அதன் பக்கத்தில், சோற்றுத் தட்டுக்கு முன்னால் வைத்தாள்.

“பட்லர் பூபாலபிள்ளைட மகள் நான். அப்பா கண்ண மூடிற்றார். நீங்க குடுத்ததத் திருப்பிக் கொண்டந்திரிக்கன். போத்தல்ல ஒரு வாய் குறையும். அது இதுக்குள்ள கிடக்கு. அளந்து பாருங்க. நீங்க அனுப்பின மன்னிப்பும் அதுக்குள்ளதான்.”

தோட்டத்துத் தமிழ் துரைக்கு நன்றாகவே விளங்கும். குனிந்து படிக்கத்துக்குள் பார்த்தார். வெண்கலத்தின் அடியில் கறுஞ்சிவப்பாக ஒரு வாய் கிடந்தது. அந்தப் படிக்கத்தை அவருக்குத் தெரியும். எத்தனை மார்கழிகள் அது இதே விறாந்தையில் இருந்திருக்கிறது. அவருடைய முகம் சுண்டிப்போனது. தன்னை மறந்தவர்போல் கேட்டார்:

“எப்படி இரிக்கு எண்டு பட்லர் சொன்னானா?”

கண்ணகை அவரைப் பார்த்தாள். இந்த வீட்டுக்காரருக்கு இந்த நேரத்திலும் தெரிய வேண்டியது அதுதான். வாய்வரைக்கும் வந்ததை அவள் அந்த வெள்ளை விரிப்பின் மேல் துப்பவில்லை. திரும்பிப் படியிறங்கினாள்.

வீட்டுக்கு வந்தபோது பறை முழங்கிக்கொண்டிருந்தது. பாடை கட்டி முடிந்திருந்தது. கோழிகள் கூட்டடியில் படிக்கம் இருந்த வட்டத்தைச் சுற்றி நின்று, காய்ந்த மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தன. குளிப்பாட்டி, வெள்ளை உடுத்தி, திருநீறு பூசிக் கிடத்தியிருந்தார்கள். வாயை யாரும் கழுவவில்லை. வாய்க்கரிசிக்கு அவள்தான் மிச்சம் என்று மாமி தலையைக் குனிந்துகொண்டு சுளகை நீட்டினாள்.

கண்ணகை ஒரு பிடி பச்சரிசி எடுத்து அப்பாவின் வாயில் இட்டாள். அரிசி வெள்ளை வெளேரென்று கிடந்தது. பாடையைத் தூக்க ஆட்கள் குனிந்தபோது, உதட்டோரம் ஒதுங்கியிருந்த இரண்டு மூன்று மணிகள் மட்டும் வைனின் ஈரம் இழுத்து மெல்லச் சிவந்தன.