வண்டி முழுக்க ஊதிய குழல்

2025 பிப்ரவரி 10, திங்கள். நேற்றைய குறிப்பில் ஒரு பிழை. சில மாதங்களுக்கு முன் கண்டக்டர் சிவசாமி முதல் முறை விழுந்த இடம் திருவரங்குளம் பேருந்து நிறுத்தம் என்று எழுதிவிட்டேன். நிறுத்தத்துக்கு முந்தைய வளைவில்தான் விழுந்தார். டிரைவர் ராசுவிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். மற்றபடி நடந்தது இதுதான்: அரிமளத்தில் திலகவதி தன் வீட்டு அடுப்படியில் நின்று புதுக் குழலை ஊதினார், அதே நேரத்தில் ஆலங்குடி பேருந்தில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த சிவசாமியின் மூச்சு நின்றது. திலகவதி குழலை இறக்கியதும் மூச்சு திரும்பி வந்தது.

சிவசாமிக்குக் காலையில் புதுக்கோட்டை–ஆலங்குடி வண்டி. மாலையில் அரிமளத்தில் உரக்கடை மாடியில் எங்களுக்குப் புல்லாங்குழல் வகுப்பு எடுக்கிறார். திலகவதி அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவர். சிவசாமியைவிட மூத்தவர் என்பதால் அவர் இவரை அக்கா என்பார், இவர் அவரைத் தம்பி என்பார். திலகவதிக்குச் சிறு வயதிலிருந்தே வீசிங். இரண்டாம் நிலைத் தேர்வில் கீழ் ஸட்ஜத்தை, அதாவது கீழ் ஸ ஸ்வரத்தை, ஒரு ஆவர்த்தனம், ஒரு தாளச் சுற்று, முழுக்க ஒரே மூச்சில் நிறுத்த வேண்டும். போன வருடம் பழைய சின்னக் குழலிலேயே அது பாதியில் அறுந்தது. இந்த முறையும் அறுந்தால் இனிக் குழலைத் தொடுவதில்லை என்று வகுப்பில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிறவர்.

முதல் நிலை முடித்தவர்கள் ஐந்து கட்டைச் சுருதிச் சின்னக் குழலை விட்டு இரண்டரைக் கட்டைப் பெரிய குழலுக்கு மாறுவது வழக்கம். பெரிய குழல் அதிக மூச்சு கேட்கும். எங்கள் வகுப்பில் புதுக் குழலை முதலில் ஊதுகிறவர் சிவசாமிதான். அதற்கு வாய்திறப்பு என்று பெயர், அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. புதுக்கோட்டைக் குழல் கடைக்காரர் கண்ணுசாமி மூன்று குழல்களை எடுத்து வைத்தார். சிவசாமி மூன்றையும் ஊதிப் பார்த்து, கனத்த குரலுள்ளதைத் தேர்ந்தெடுத்தார். அவர் ஊதினால் எல்லாக் குழலும் நன்றாகத்தான் பேசும். ஊதப்போகிறவர் திலகவதி என்பது அங்கே யாருக்கும் தோன்றவில்லை, திலகவதிக்கும் தோன்றவில்லை. பையில் வைத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அந்தக் குழல் திலகவதியின் கையில் நெடுநேரம் நின்று பேசியது. வீசிங் போய்விட்டது என்றே அவர் நினைத்தார். சிவசாமி அடுத்தடுத்த காலைகளில் வண்டிக்குள் விழுந்தார். டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்றார். பிறகு ஒரு மாலை வகுப்பில், எங்கள் கண் முன்னால், திலகவதி ஸட்ஜத்தைப் பிடித்ததும் எதிரே உட்கார்ந்திருந்த சிவசாமியின் உதடு நீலமானது. அவர் இரண்டு கையாலும் தரையைத் தட்டினார். திலகவதி குழலைப் போட்டுவிட்டார். ஊதுகிறவர் மூச்சு பற்றாதபோது குழல் வாய்திறந்தவரின் மூச்சை எடுத்துக்கொள்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. செல்போனில் தம்புரா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

பேச்சு வந்ததும் சிவசாமி, தேர்வுக்கு ஒரு நிமிடம்தானே, அன்றைக்கு லீவு போட்டுப் படுத்துக்கொள்கிறேன் என்றார். திலகவதி குழலைத் துணியில் சுற்றினார்.

“ஒன் மூச்ச வாங்கி நான் பாஸாகணுமா தம்பி? ஒன் வீட்டுக்காரிக்கு யாரு பதில் சொல்றது?”

மறுநாள் கடைக்குப் போனார், துணைக்கு நானும் போனேன். ஊதிய குழலைத் திரும்ப எடுப்பதில்லை என்றார் கண்ணுசாமி. மற்ற இரண்டையும் காட்டினார். அவற்றையும் சிவசாமி ஊதியிருந்தார். யாரும் வாய் வைக்காத வேறொரு குழலை எடுத்து ஊதியபோது, திலகவதியின் சொந்த மூச்சு பாதி ஸட்ஜத்தோடு தீர்ந்துபோனது. தேர்வுக்கு அதிக நாள் இல்லை.

திரும்பும்போது சிவசாமியின் வண்டி ஸ்டாண்டில் நின்றது. விஷயத்தைக் கேட்ட ராசு சிரித்தார்.

“ஏன், கண்டக்டருக்கு மட்டுந்தான் மூச்சு இருக்கா? இங்கிட்டுக் குடுங்கக்கா.”

சிவசாமி ஊதிய அந்தக் குழலை வாங்கி ஒரு முறை விளையாட்டாக ஊதிக் கொடுத்தார். சிவசாமி தடுப்பதற்குள் முடிந்துவிட்டது. இனி யார் மூச்சு போகும் என்று பார்த்துவிட வேண்டும் என்றார் திலகவதி. வண்டி புறப்படுவதற்கு முன் அங்கேயே ஸட்ஜத்தை ஊதினார். இந்த முறை சிவசாமி விழவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ராசு ஸ்டியரிங்கில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டிருந்தார். இருவருக்கும் பாதிப் பாதி போயிருந்தது. வண்டிக்குள் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஓடுகிற வண்டியில் இது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார்.

திலகவதி வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார். “ரெண்டு பேருக்குப் பாதின்னா, வண்டி முழுக்க ஊதுனா ஆளுக்கு எம்புட்டுப் போகும்?”

பதில் எல்லாருக்கும் தெரிந்தது. ஆனாலும் முதலில் யாரும் கை நீட்டவில்லை. மூச்சு விஷயம். கடைசி சீட்டில் பூக்கூடையோடு இருந்த முனியாயி எழுந்து வந்தார்.

“எம் மூச்சு வெத்தல வாசம் அடிக்கும். பரவாயில்லன்னா குடு.”

அதற்குப் பிறகு குழல் சீட்டு சீட்டாகப் போனது. சிவசாமி டிக்கெட்டைக் கொடுத்து, குழலைத் துடைத்து, அடுத்தவரிடம் நீட்டினார். கல்லூரிப் பெண்கள் ஊதினார்கள், வங்கிக்குப் போகிறவர் டையைத் தளர்த்திக்கொண்டு ஊதினார், ஏறியதிலிருந்து சில்லறைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தவரும் ஊதினார். பாதிப் பேருக்குச் சத்தமே வரவில்லை. அது போதுமா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. போதும் என்று பின்னால் தெரிந்தது.

தேர்வன்று ராசு வண்டியை ஆலங்குடி ஸ்டாண்டில் நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டார். புதுக்கோட்டையில் திலகவதி ஸட்ஜத்தைப் பிடித்தார். பாதியில் தன் மூச்சு தீர்ந்தது தெரிந்ததாம், ஸ்வரம் தீரவில்லை. ஆவர்த்தனம் முடிந்தும் அது நின்றுகொண்டே இருந்தது. தேர்வாளர் கையைத் தூக்கினார், அதைக் கீழே போட மறந்துவிட்டார். அறையில் லேசாக டீசல் வாசமும் வெற்றிலை வாசமும் வந்தன. அதே நேரத்தில் முனியாயி பேரம் பேசும்போது ஒரு சொல் தொண்டையில் நின்றது. வங்கிக்காரருக்கு ஒரு கொட்டாவி பாதியில் காணாமல் போனது. ஸ்டாண்டில் ஆள் கூப்பிடச் சிவசாமி ஊதிய விசில் ஒரு முறை சும்மா காற்றாகப் போனது. வேறு யாருக்கும் எதுவும் ஆகவில்லை. திலகவதி பாஸானார்.

இப்போதும் அவர் அதிகாலையில் சாதகம் செய்கிறார். திருவரங்குளம் சாலையில் பேச்சு நடுவே யாருக்காவது ஒரு மூச்சு தவறினால், “அக்கா ஊதுது” என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேசுகிறார்கள். வகுப்பில் வாய்திறப்பும் மாறிவிட்டது. புதுக் குழல் முதலில் வண்டியில் ஒரு நடை போய்வர வேண்டும்.

எனக்கு இரண்டரைக் கட்டை போன வாரம் வந்தது. நாளை காலை ஏழு இருபது வண்டி. குழல் துடைக்க நல்ல துணி எடுத்துப் போக வேண்டும்.