ஏழுக்கெல்லாம் தாளா?

என் வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். பிடிவாதத்திலும் பட்டம் வாங்கியவர். மகள் கணக்குப் படிப்பைப் பாதியில் விட்டு லாரி ஓட்டப் போகிறேன் என்றதும், "இனி என் முகத்துல முழிக்காதே" என்றார். அவளும் அவர் பெற்ற பிள்ளைதானே. வாசலில் நின்று, தான் தங்கப்போகும் வெளியூர் லாரி ஆபீஸ் போன் நம்பரை ஊர்க் குறியீட்டோடு எழுதி நீட்டினாள்.

"இது பகா எண்ணான்னு பாருங்கப்பா. கால்குலேட்டரைத் தொடக்கூடாது. விடை தெரிஞ்சதும் கூப்பிடுங்க, பேசலாம்."

சமாதானத்துக்குத்தான் சொன்னாள். இந்த மனுஷன் அதைப் பரீட்சையாக எடுத்துக்கொண்டார்.

இரண்டில் தொடங்கி ஒன்பதில் முடியும் பத்து இலக்கம். ஒன்றையும் தன்னையும் தவிர எதனாலும் மீதியின்றி வகுபடாவிட்டால் அது பகா எண். 51,175 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதுமாம். போதும் என்றால் ஐயாயிரத்துக்கு மேல்! பள்ளி விட்டு வந்ததும் தினம் மூன்று வகுத்தல், பென்சிலால்.

ஞாயிறுதோறும் மகள் என்னைக் கூப்பிடுவாள். போனை அவரிடம் நீட்டுவேன். "முடிச்சுட்டுப் பேசுறேன்னு சொல்லு" என்பார். ஒருமுறை அவள், "முதல் பக்கத்தை இன்னொரு தரம் பார்க்கச் சொல்லும்மா" என்றாள். சொன்னேன். "எனக்கே பாடம் எடுக்கிறாளா?" என்று எரிந்து விழுந்தார்.

மூன்றாம் வருடம் காய்ச்சல் என்று படுத்த மகள் எழுந்திருக்கவே இல்லை. அடுத்த வாரமே அவர் நோட்டைத் திறந்துவிட்டார். இது ஐந்தாம் வருடம். நாற்பத்தேழாயிரத்தைத் தாண்டியாயிற்று.

நேற்று அலமாரியைத் துடைக்கும்போது முதல் நோட்டு கையில் அகப்பட்டது. முதல் பக்கத்தில் ஒரு குறுக்குவழி: இலக்கங்களை வலமிருந்து மும்மூன்றாகப் பிரித்து, மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்து, வரும் விடையை மட்டும் வகுத்துப் பார்ப்பது. மகளுக்குச் சின்ன வயதில் அவரே சொல்லிக்கொடுத்தது. 1037லிருந்து 953 போக 94. ஏழு இல்லை, பதினொன்று இல்லை, பதின்மூன்று இல்லை. எல்லாம் மனக்கணக்கு. ஏழுக்கெல்லாம் தாளா என்பார்.

நான் தையல்காரி. நாள் முழுக்க அளவில் கூட்டிக் கழிப்பவள். அது எண்பத்து நாலு. மறுபடி பார்த்தேன், எண்பத்து நாலேதான். ஏழு பன்னிரண்டு எண்பத்து நாலு.

அன்று சரியாகக் கழித்திருந்தால் அன்றே மகளோடு பேசியிருப்பார்.

சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் நோட்டை முன்னால் போட்டேன். "ஏழால போகுதுங்க. பகா எண்ணும் இல்லை, ஒண்ணும் இல்லை. மொத நாளே முடிஞ்சிருக்கும்."

"என்ன உளர்றே?"

உட்கார்ந்து கழித்தார். அழித்துவிட்டு மறுபடி கழித்தார். முழு எண்ணையும் ஏழால் வகுத்தார். மீதி பூஜ்யம். அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

"அவளுக்குத் தெரிஞ்சிருக்கு."

"தெரிஞ்சுதான் கொடுத்திருக்கா. அன்னிக்கே கூப்பிடுவீங்கன்னு."

நடப்பு நோட்டை இழுத்தார். அடுத்த பகா எண்ணை எழுதி, கோடு போட்டு, வகுக்க ஆரம்பித்தார். திட்டத்தான் வாயெடுத்தேன். முடித்துவிட்டால் அவர் யாரைக் கூப்பிடுவார்? பென்சில் முனை மழுங்கியிருந்தது. வாங்கிச் சீவிக் கொடுத்தேன்.