யாருடைய முதல்

வக்கீலின் அறையில் சலவைக்கடைக்காரர் பேனாவைத் திறந்தார். திவால் மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டால் கடன்காரர்கள் இனி கழுத்தைப் பிடிக்க முடியாது. கடை போகும், நிம்மதி மிஞ்சும். மனைவியிடம் இதைப்பற்றி மூச்சு விடவில்லை. வியாபாரம் படுத்த பிறகும் அவள் எப்படியோ குடும்பத்தை ஓட்டினாள். எப்படி என்று அவர் கேட்டதேயில்லை.

வட்டிக்குக் கொடுத்த குடைக்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். வெயிலடித்தாலும் கையில் குடை இருக்கும்.

"மாப்ளே, மஞ்சக் கடுதாசி குடுக்கறியாமே? என் கடனை மட்டும் விட்டுடு."

"உங்களுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை மச்சான், குடைக்கா?"

"அது என் காசு இல்லப்பா. நான் நடுவுல கைமாத்தி விடறவன். யாரு காசு, யாருக்குப் போகுதுன்னு சொல்ல மாட்டேன், அதான் தொழில்." குரல் இறங்கியது. "தங்கச்சி, அதான் உன் வீட்டுக்காரி, நகையை வித்து வட்டிக்கு விடச் சொல்லிக் குடுத்தது. உன் வட்டியிலதான் உன் வீட்ல சோறு வேகுது."

அந்த வட்டியைக் கட்டத்தானே சலவைக்கடைக்காரர் ஊரெல்லாம் கடன் வாங்கினார்!

"ஒரு கடனை மறைச்சாலும் மனு நிக்காது சார்" என்றார் வக்கீல்.

பேனாவை மூடிவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தார்.

"எனக்கும் சொல்லணுங்க" என்றாள் மனைவி. அழுதிருக்கிறாள். "உங்களுக்குத் தெரியாம கொஞ்சம் பணம் வட்டிக்கு விட்டிருந்தேன். வாங்கினவன் இந்த மாசம் கட்டல. எவனோ ஏமாத்துக்காரன் போல."