லவுஞ்ச் வாசலில் பூமாரி

நெடும்பாச்சேரி விமான நிலையத்தில் லவுஞ்ச் என்ற சிறப்பு ஓய்வறையின் வாசலில் மூன்று பேர் நின்றார்கள். இரண்டு பேர்தான் உள்ளே போகலாம்.

சிவசங்கரி வண்டன்மேட்டில் ஓர் ஏலக்காய் ஏற்றுமதி நிறுவனத்தின் தர அதிகாரி. மாதம் இருமுறை டெல்லிக்குப் பறந்ததில் விமான நிறுவனம் இந்த வருடம் அவளுக்கு கோல்டு அட்டை கொடுத்தது. அட்டை வந்த அன்றே வீட்டில் சொல்லிவிட்டாள்: டெல்லி பார்க்கக் கூட்டிப்போகும்போது அப்பாவையும் அம்மாவையும் லவுஞ்சில் உட்கார வைப்பேன். எப்போதும் தனியாகவே போய்வந்தவள், விருந்தினர் எத்தனை பேர் என்ற வரியைப் படித்திருக்கவில்லை.

"ஒரு கெஸ்ட் மாத்ரம், மேடம்," என்று மலையாளம் கலந்த தமிழில் சொன்னாள் வரவேற்பு மேசையில் இருந்த ரிஞ்சு.

"இன்னொருத்தருக்குப் பணம் கட்டுறேன்."

"இன்னைக்கு நல்ல ரஷ்ஷாணு. காசுக்கு என்ட்ரி இல்லா. வேற பேங்க் கார்டு உண்டோ?"

சிவசங்கரியின் வங்கி அட்டைக்கு உரிய இலவச நுழைவு போன மாதமே தீர்ந்திருந்தது. "அப்ப அவங்க ரெண்டு பேரும் போகட்டும். நான் வெளிய இருக்கேன்."

கோல்டு அட்டைக்காரர் கூட இல்லாமல் விருந்தினரை விட முடியாது என்றாள் ரிஞ்சு.

அப்பா சங்கையா பையைத் தோளில் மாட்டினார். "நீயும் அம்மாவும் போங்கத்தா. நான் பிளேன் ஏறுற கேட்டுப் பக்கத்துல உக்காந்துருக்கேன்."

"நீங்க போங்க," என்றாள் அம்மா பூமாரி. "நான் கிளப்பு வாசல்லயே நின்னு பழகுனவதான."

சாதாரணமாகத்தான் சொன்னாள். சிவசங்கரிக்கு முகம் சுண்டிப்போனது. தேயிலைத் தோட்டத்தில் பறிக்கக் கொழுந்து குறைந்த நாட்களில் எஸ்டேட் அதிகாரிகளின் கிளப்பில் தட்டு கழுவப் போவாள் அம்மா. அங்கே ஒரு நாற்காலியில்கூட உட்கார்ந்ததில்லை. இன்றும் அவளை வெளியே நிறுத்தவா இத்தனை விமானம் ஏறியது?

"ஏட்டி, கார்டுன்னா இந்தா, இது ஆகுமான்னு கேளு." பூமாரி கைபேசி உறைக்குள்ளிருந்து ஒன்றை உருவினாள்.

"ரேஷன் கார்டா இருக்கப்போவுது," என்றார் சங்கையா.

"சும்மா இருங்க."

தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது அவள் கிராஜுவிட்டிப் பணத்தைப் போட்ட வங்கியில் தந்த அட்டை. ரிஞ்சு அதைத் திருப்பிப் பார்த்து, மேசையில் ஒட்டியிருந்த பட்டியலோடு ஒப்பிட்டாள்.

"இது எடுக்கும். மூணு மாசத்துக்கு ஒரு தடவ ஃப்ரீ. ரெண்டு ரூபா மாத்ரம் பிடிக்கும். பேரு என்ன, அம்மா?"

பூமாரி நிமிர்ந்து நின்றாள். "பூமாரி. நாலு ஒண்ணு ஏழு."

"அது எந்தா?"

"பெரட்டு நம்பரும்மா. காலைல ஆள் எண்ணும்போது பேரோட நம்பரையும் சொன்னாத்தான் அன்னிக்கு வேலை. முப்பத்தோரு வருசம் சொன்ன வாயி."

ரிஞ்சு சிரித்தாள். "இவிட பேரு மாத்ரம் போதும்."

அட்டை இயந்திரத்தை நீட்டினாள். உதவ வந்த மகளின் கையைப் பூமாரி தள்ளிவிட்டாள். "அங்கிட்டுத் திரும்புட்டி." நான்கு எண்களை அழுத்தினாள். சீட்டு வந்தது.

"அப்ப நீயும் கார்டுக்காரி, அவளும் கார்டுக்காரி. நாந்தான் ஓசி," என்றார் சங்கையா.

"பேசாம எம் பின்னால வாங்க."

இட்லி சாப்பிட்டு முடித்ததும் பூமாரி தட்டோடு எழுந்து, கழுவும் இடம் எங்கே என்று பார்த்தாள். சீருடை அணிந்த பெண் ஒருத்தி வந்து கை நீட்டினாள். பூமாரி ஒரு கணம் தட்டை விடவில்லை. பிறகு கொடுத்துவிட்டு, சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"ஏட்டி, மூணு மாசம்னா அடுத்த தடவ எப்ப?"

"ஆடி கழிஞ்சு, அம்மா."

"அப்ப ஆவணில எங்கயாச்சும் டிக்கெட்டு போடு."