திரும்பி வராத ஒன்பது கடிதங்கள்

காலை பத்தரை மணிக்குக் குழந்தைகள் வார்டு டாக்டரம்மா கணினி அறைக்குள் கதவைத் தட்டாமலேயே நுழைந்தார்.

"ஆய்வகத்துல எட்டு மணிக்கே ரிப்போர்ட் அனுப்பியாச்சுங்கிறாங்க. எங்களுக்கு வரலை. அந்தப் பாப்பாவுக்குக் காய்ச்சல் இறங்க மாட்டேங்குது. எந்த மருந்து கேட்கும்னு தெரியாம குத்துமதிப்பா ஊசி போட்டுட்டிருக்கேன். எங்கேம்மா போச்சு அது?"

மருத்துவமனையின் மின்னஞ்சல் சர்வரைப் பார்த்துக்கொள்பவள் உடனே பதிவுகளைப் புரட்டினாள். எட்டு மணி நாலு நிமிடத்துக்கு ஆய்வகத்தின் கணினி கடிதத்தோடு வந்திருக்கிறது. "சற்றுப் பொறுத்து மறுபடி வா" என்று சர்வர் சொல்லியிருக்கிறது. அது திரும்பி வரவேயில்லை.

அந்த விதி அவள் வைத்தது. போன மாதம் ஆய்வகத்தின் பெயரிலேயே ஒரு போலிக் கடிதம் வந்து, அதைத் திறந்ததில் இரண்டு நாள் மருத்துவமனைக் கணினிகள் அத்தனையும் முடங்கிப்போயின. முன்பின் தெரியாத கணினியைச் சற்றுப் பொறுக்கச் சொன்னால், ஒழுங்கான சர்வர் சில நிமிடங்களில் திரும்பி வரும். போலிகள் பெரும்பாலும் வராது. எல்லோருக்கும் முன்கூட்டியே எழுதிவிட்டுத்தான் திங்கட்கிழமை விதியை அமல்படுத்தியிருந்தாள்.

ஆய்வகம் வெளியே இருக்கும் தனி நிறுவனம்; அதன் கணினிப் பொறுப்பு அவளுடைய கொழுந்தனுக்கு. ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போதுகூட அவனிடம் சொன்னாள். "உங்க சர்வருக்கு மாமியார் குணம், அண்ணி" என்று சிரித்துவிட்டுப் போனான்.

இப்போது அவள் ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டதும் போனை எடுத்தவன், "எங்க பக்கம் அனுப்பியாச்சுன்னுதான் காட்டுது. உங்க பக்கம்தான் ஏதோ கோளாறு" என்றான்.

"பொறுத்து வான்னு சொன்னா உன் புரோகிராம் கடிதத்தைத் தூக்கிப் போட்டுட்டு, அனுப்பியாச்சுன்னு எழுதிக்குது. சண்டை அப்புறம் போடலாம். இப்ப மறுபடி அனுப்பு."

மறுமுனையில் விசைப்பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது.

"மறுபடி அனுப்ப அதுல வழியே வைக்கலை, அண்ணி."

"அப்போ போன்லயே படி!" என்று டாக்டரம்மா குனிந்து கத்தினார்.

"எனக்கு அனுமதி இல்லை, மேடம். மருந்து பேரு ஒரு எழுத்து மாறினாலும் ஆபத்து. ரிப்போர்ட்டை எடுத்து நானே கையால அனுப்புறேன். நீங்க வழி விடுங்க, அண்ணி."

"பூராத்தையும் திறந்து விட்டுடும்மா" என்றார் டாக்டரம்மா.

ஒரு வரியை அழித்தால் போதும், விதி போய்விடும். அவள் விரல் அங்கேயே நின்றது. போன மாதம் நர்சுகள் மருந்துச் சீட்டுகளைக் கையால் எழுதிக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் ஓடியது கண்முன் வந்தது. "அந்த ஒரு கணினிக்கு மட்டும் திறக்கிறேன்" என்றாள். அதன் எண்ணை அடித்துவிட்டு, டாக்டரம்மாவை இரண்டு தடவை உரக்கப் படிக்கச் சொல்லிச் சரிபார்த்தாள்.

பத்து ஐம்பத்தொன்றுக்குக் கடிதம் வந்தது. டாக்டரம்மா படித்தார். முகம் வெளிறியது. "நான் போடுற மருந்து இதுக்குக் கேட்கவே கேட்காது" என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.

அவள் பதிவுகளை மூடவில்லை. ஆய்வகத்தின் பெயரைப் போட்டுத் திங்கள் முதல் தேடிப் பார்த்தாள். திரும்பி வராதவை இன்னும் எட்டு. தாமதமாகிறது போலும் என்று வார்டுகளில் பேசாமல் இருந்துவிட்டார்கள்.

"இன்னும் எட்டுக் கடிதம் இருக்குடா" என்றாள் போனில். அவன் எதிர்ப்பேச்சே பேசவில்லை. அவள் நேரத்தைச் சொல்லச் சொல்ல, அவன் ஒவ்வொன்றாக அனுப்பினான். அவற்றில் ஒன்று முந்தைய நாள் வீட்டுக்குப் போய்விட்ட ஒருவருடையது. வார்டிலிருந்து கூப்பிட்டு, மதியத்துக்குள் அவரைத் திரும்ப வரவழைத்தார்கள்.

"யார் தப்பும்மா இது?" என்று கேட்டார் மருத்துவமனைத் தலைவர்.

"ரெண்டு பேர் தப்பும், சார். அவங்க விதியை மதிக்கலை. திரும்பி வராதது எது எதுன்னு நானும் நாலு நாளா பார்க்கலை."

சனிக்கிழமை பாப்பாவின் காய்ச்சல் இறங்கியது. அன்று கொழுந்தன் தன் மடிக்கணினியோடு நேரில் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். புரோகிராமைத் திருத்தியிருந்தான். தான் திறந்துவிட்ட வழியை அவள் சோதனைக்காக மூடினாள். அவன் அனுப்பிய கடிதத்தைச் சர்வர் பொறுக்கச் சொன்னது. இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கடிதம் மறுபடி வந்து உள்ளே நுழைந்தது.

"சாரி, அண்ணி" என்றான்.

அவள் தலையசைத்துவிட்டு, திங்கள் முதல் பொறுக்கச் சொல்லியும் திரும்பி வராதவர்களின் பட்டியலைத் திறந்தாள். ஆய்வகத்தைத் தவிர இன்னும் மூன்று நிறுவனங்கள் அதில் இருந்தன. முதல் எண்ணுக்குப் போன் போட்டாள்.